வகுப்பு முடிந்த பிறகு

(இத்தாலிக்குப் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் இத்தாலிக்குப் பெட்டி கட்டத் தயாராக இருப்பவர்கள் என்று சொன்னார்கள். சிலர் கட்டடக் கலை, சிலர் சங்கீதம், ஒருவர் சமையல். எல்லாருக்கும் முதல் வேலை மொழி. எந்த ஊரில், எந்த மாதிரிப் பள்ளியில் சேரலாம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். பள்ளி காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். அந்த ஒரு மணிக்குப் பிறகு உங்களுக்கு அந்த ஊரில் யாரிடம் என்ன காரியம் இருக்கிறது? மொழி வருவதும் வராததும் அதைப் பொறுத்துத்தான் என்பது என் கட்சி. அதற்குச் சில சாட்சிகளைக் கூட்டிவந்திருக்கிறேன்.

முதல் சாட்சி ஓர் இத்தாலியர். அலெஸ்ஸாண்ட்ரோ மன்சோனி, மிலான்காரர். வீட்டில் மிலான் வட்டார மொழி, கனவான்களோடு பிரெஞ்சு. 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி' என்ற நாவலை 1827-இல் வெளியிட்டார். நல்ல பெயர் கிடைத்தது. அவருக்கு மட்டும் திருப்தி இல்லை. புத்தகம் வந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஃப்ளாரன்ஸ் போனார், மொழியைச் சரிசெய்ய. அந்த நகரத்தின் நடுவே ஓடுவது ஆர்னோ நதி. அதில் துணியை அலசியதாக அவர் இந்த வேலையைச் சொன்னது இன்றைக்கும் அங்கே பழமொழி போல வழங்குகிறது. ஆனால் அவர் ஃப்ளாரன்ஸில் தங்கியது சில வாரங்கள்தான். திருத்திய நாவல் வெளிவரத் தொடங்கியது 1840-இல். நடுவில் இருக்கும் வருஷங்களில் ஆர்னோ மிலானுக்கு வந்ததா? ஒரு வகையில் வந்தது. எமிலியா லூத்தி என்ற ஃப்ளாரன்ஸ் பெண் மிலானில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தார். இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள், அதை எப்படிச் சொல்வீர்கள் என்று மன்சோனி அவரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். இத்தாலிய உரைநடையை நிலைநிறுத்திய நாவலுக்குப் பின்னால் இப்படி ஒரு பெண் நிற்கிறார். இலக்கிய வரலாறுகள் அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

மன்சோனிக்கே இந்தப் பாடு என்றால் மற்றவர்களுக்கு? இத்தாலி ஒரே நாடாக 1861-இல் அறிவிக்கப்பட்டபோது, மக்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் இத்தாலியன் பேசினார்கள் என்பது துல்லியோ தே மௌரோ என்ற மொழியியலாளரின் கணக்கு. அது மிகக் குறைவு, பத்துப் பேருக்கு அருகில் இருக்கும் என்று பிறகு வாதிட்டவர்களும் உண்டு. பத்து என்றே வைத்துக்கொள்வோம். மீதித் தொண்ணூறு பேர் நேப்பிள்ஸ் மொழி, சிசிலி மொழி, வெனிஸ் மொழி என்று அவரவர் ஊர் மொழியில் வாழ்ந்தார்கள். முதல் அரசரே வீட்டில் பேசியது பியெத்மோந்து மொழி. பள்ளிக்கூடமும் கட்டாய ராணுவ சேவையும், 1954-இல் வந்த தொலைக்காட்சியும் சேர்ந்துதான் நாட்டுக்கு இத்தாலியன் கற்பித்தன. 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மான்ட்சி என்ற ஆசிரியர் தொலைக்காட்சியில் வயதுவந்தோருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். பெரிய தாளில் கரித்துண்டால் படம் போட்டபடியே பாடம் நடத்துவார். நீங்கள் தங்கப்போகும் வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தால், அவரும் இத்தாலியனைப் பள்ளியில் கற்றவராக இருக்க வாய்ப்புண்டு. உங்கள் தவறுகளை அவர் பொறுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி பள்ளிகள். வெளிநாட்டாருக்கு இத்தாலியன் கற்பிப்பதற்கென்றே அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தி. உம்ப்ரியா மலைநகரமான பெரூஜாவில் அஸ்தோர்ரே லுபாத்தெல்லி என்ற வழக்கறிஞர் 1921-இல் தொடங்கிய வகுப்புகள் 1925-இல் பல்கலைக்கழகமாயின. எத்ருஸ்கர்கள் கட்டிய பழங்கால வளைவு வாசலுக்கு எதிரில், 18-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் இன்றும் அது நடக்கிறது. சியெனாவில் வகுப்புகள் 1917-இலேயே தொடங்கிவிட்டன. தனிப் பல்கலைக்கழகமானது 1992-இல். இவை தவிர ஊருக்கு ஊர் தனியார் பள்ளிகள். அங்கே வாரத்துக்கு இருபது பாடவேளை, கட்டணம் பெரும்பாலும் இருநூறு யூரோவுக்கு மேல்.

திங்கட்கிழமை காலை ஒரு தேர்வு வைத்து உங்களை ஒரு படியில் உட்கார வைப்பார்கள். ஆறு படிகள்: ஏ ஒன்றில் தொடங்கி சி இரண்டு வரை. ஆசிரியர் முதல் நிமிடத்திலிருந்து இத்தாலியன் மட்டும்தான் பேசுவார். புரியாவிட்டால் கை, கண், புருவம் எல்லாம் பேசும். நல்ல முறைதான். தனியார் பள்ளிகளில் நான் பார்க்கும் குறை வேறு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாகச் சிலர் சேருவார்கள், வெள்ளிக்கிழமை சிலர் கிளம்புவார்கள். புதிதாக வந்தவருக்காக ஆசிரியர் கொஞ்சம் பின்னால் போவார். மூன்று மாதம் இருக்கிற மாணவர் ஒரே இறந்தகாலப் பாடத்தைப் பல முறை கேட்க நேரும். இரண்டு வார விடுமுறைக்கு வரும் ஐரோப்பியர்களுக்குத் தோதாக வகுத்த ஏற்பாடு அது. பல்கலைக்கழகங்களில் பருவம் பருவமாகச் சேர்ப்பதால் வகுப்பு கலையாமல் இருக்கும்.

தமிழ் பேசுபவர்கள் அந்த வகுப்பில் எப்படித் தேறுவார்கள்? சில இடங்களில் நாம் சொகுசாக இருப்போம். 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது அல்லவா? இத்தாலிய வினைச்சொல்லும் அப்படித்தான், விகுதியே ஆளைச் சொல்லிவிடும். பக்கத்தில் இருக்கும் ஆங்கிலேயர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான், நான்' என்று சேர்த்துக்கொண்டிருப்பார். அதே போல 'பலி', 'பல்லி' என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு, ஒற்றை லகரம் வந்தால் மண்வெட்டி, இரட்டை வந்தால் பந்து என்பது ஒரு பாரமே இல்லை. ஜெர்மானிய மாணவர்கள் அதற்கு மாதக்கணக்கில் கஷ்டப்படுவார்கள்.

வல்லினம் வந்தால் கதை மாறும். தமிழில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தனியாக நிற்கும் வல்லினம் மெலிந்துவிடும். அழுத்தமாக ஒலிக்க வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். 'பகல்', 'பக்கம்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இத்தாலியனில் மூன்றாவது ஒரு வழி இருக்கிறது: அழுத்தமும் வேண்டும், இரட்டிக்கவும் கூடாது. தாகம் என்ற சொல்லில் தகரம் ஒன்று, ஏழு என்ற சொல்லில் இரண்டு. முடிக்குப் பகரம் ஒன்று, தொப்பிக்கு இரண்டு. (இந்த இடத்தில் சொல்லிக் காட்டினேன், தமிழ் அச்சில் அதைக் காட்ட வழியில்லை.) நம் காதுக்கு இரண்டும் இரட்டையாகவே கேட்கும். இரட்டிக்காமல் சொல்லப் பார்த்தால் ககரம் மெலிந்து, நண்பன் என்ற சொல் ஸ்பானியம் போல ஆகிவிடும். ஆசிரியர்களுக்கு ஆங்கிலேயரின் தவறும் ஜப்பானியரின் தவறும் அத்துபடி. தமிழரின் தவறு அவர்கள் குறிப்பேட்டில் இருக்காது. நீங்களே தெரிந்துவைத்துக்கொண்டு போக வேண்டும். ஓர் ஆறுதல்: சியெனா, ஃப்ளாரன்ஸ் பக்கத்து மக்கள் உயிருக்கு நடுவில் வரும் ககரத்தை ஹகரம் போல ஊதிவிடுவார்கள், நாம் 'மகன்' என்பதைச் சொல்வது போலவே. அங்கே போனால் உங்கள் உச்சரிப்பை உள்ளூர் வழக்கு என்று நினைத்துவிடக்கூடும்.

மேசை ஆண், நாற்காலி பெண் என்பதற்கு நான் சமாதானம் சொல்ல முடியாது. மனப்பாடம்தான்.

மரியாதை விகுதி நமக்குத் தாய்ப்பால். நீ என்பதற்கு 'தூ', நீங்கள் என்பதற்கு 'லேய்'. முசோலினி அரசு 1938-இல் இந்த 'லேய்' ஆண்மை குறைந்தது, அந்நியத்தனமானது என்று தடைசெய்யப் பார்த்தது. 'வோய்' என்று சொல்லச் சொன்னது. அரசு போயிற்று, 'லேய்' இருக்கிறது. ஆனால் மொழிப்பள்ளியில் உங்களுக்கு அது கிடைக்காது. முதல் நாளே ஆசிரியர், நமக்குள் 'தூ' போதும் என்று சொல்லிவிடுவார். சக மாணவர்களிடம் 'தூ'. தங்கியிருக்கும் வீட்டிலும் 'தூ'. இரண்டு மாதம் கழித்துத் தபால் அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் நடுவயதுப் பெண்மணியிடம் வாயைத் திறக்கும்போது 'நீ அந்தப் படிவத்தைக் கொடு' என்று வந்து விழும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சின்னக் குழந்தையிடம் பேசுவது போல உங்களிடம் பேசத் தொடங்குவார். அது கோபத்தைவிட மோசம். கல்வி முறை குறித்து எனக்கு உள்ள பெரிய வருத்தம் இதுதான். சிநேகமான வகுப்பறை, மரியாதை தேவைப்படும் உலகத்துக்கு ஆளைத் தயார் செய்வதில்லை.

மதியம் ஒரு மணிக்கு வருவோம். வகுப்பு கலைகிறது. கொரியர், பிரேசில்காரர், போலந்துக்காரர், நீங்கள். படிக்கட்டு இறங்குவதற்குள் எல்லாரும் ஆங்கிலத்துக்கு மாறியிருப்பார்கள். சாப்பாடு ஆங்கிலத்தில், சுற்றுலா ஆங்கிலத்தில், இரவு சினிமா ஆங்கிலத்தில். இத்தாலியில் ஆறு மாதம் இருந்துவிட்டு மூன்றாம் படியைத் தாண்டாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊருக்கு அவர்களால் ஒரு காரியமும் ஆக வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரூஜாவில் நான் தங்கிப் படித்தபோது, வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது தாண்டியிருந்தது. கண்புரை. எழுத்து தெரியாது, டிவி மட்டும் தெரியும். மாலையில் அவருக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. வாடகையில் ஒரு பைசா குறையவில்லை, ஆனால் எனக்குக் கிடைத்தது வேறு எங்கும் கிடைக்காத பாடப்புத்தகம். மின்கட்டண ரசீது, கண் சொட்டுமருந்தின் உள்ளே மடித்து வைத்திருக்கும் அரிசி எழுத்துத் தாள், அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்ட அழைப்பு. அந்த அழைப்பு ஒரு தனி இலக்கிய வகை. கூரையில் ஓடு மாற்ற வேண்டும், செலவை மாடிவாரியாகப் பிரிக்க வேண்டும், இரண்டாம் மாடிக்காரர் ஒப்பவில்லை. நான் நீதிமன்றத் தமிழ் போன்ற அந்த நடையில் தடுக்கித் தடுக்கிப் போவேன். அவர் பின்னல் ஊசியை நிறுத்திவிட்டு, "பிள்ளை, அறுபதா எழுபதா? சரியாகச் சொல்" என்பார். இத்தாலியனில் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே ஓர் இரட்டைச் சகரமும் ஓர் இரட்டைத் தகரமும்தான் வித்தியாசம். வகுப்பில் அது உச்சரிப்புப் பயிற்சி. இங்கே அவர் கையை விட்டுப் போகும் காசு. நான் தெளிவாகச் சொல்கிற வரைக்கும் அவர் விடமாட்டார். படித்து முடித்ததும் இரண்டாம் மாடிக்காரரின் குடும்ப வரலாறு தொடங்கும், அதில் பாதி உம்ப்ரியப் பேச்சு. அதற்கு அகராதி கிடையாது.

ஜும்பா லாஹிரியை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் அமெரிக்காவில் வருஷக்கணக்காக ஆசிரியர் வைத்து இத்தாலியன் படித்தார். 2012-இல் குடும்பத்தோடு ரோமுக்குக் குடிபோனார். 2015-இல் 'இன் ஆல்த்ரே பரோலே' என்று இத்தாலியனிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அதை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலையைக்கூடத் தான் செய்யாமல் ஆன் கோல்ட்ஸ்டீனிடம் விட்டுவிட்டார். எழுத்தாளருக்கு எழுத வேண்டிய கட்டாயம் போதும்; கட்டணத்துக்கும் கூரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நமக்கு அந்த வசதி இல்லை.

எதிர்த்திசையில் வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள். சியெனாவுக்குத் தெற்கே மலைமேல் இருக்கும் ஊர் மொந்தெபுல்ச்சானோ. ராபர்ட் தெ நொபிலியின் குடும்பம் அந்த ஊரைச் சேர்ந்தது. அவர் மதுரைக்கு வந்தது 1606-இல். வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த கஸ்திலியோனே வடக்கே, மாந்துவா பக்கம். சதுரகராதி 1732-இல் வந்தது. இருவரும் மதம் பரப்ப வந்தவர்கள். அந்த நோக்கத்தைப் பற்றி இங்கே எல்லாருக்கும் ஒரே கருத்து இருக்காது. ஆனால் வாதில் நிற்க வேண்டும், எதிராளிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. வகுப்பறைத் தமிழோடு நின்றிருந்தால் தேம்பாவணி வந்திருக்காது.

என் கடைசிச் சாட்சிகள் பலெர்மோவில் இருக்கிறார்கள். சிசிலித் தீவின் தலைநகர் அது. இலங்கையில் போர் தொடங்கிய பிறகு, 1980-களிலிருந்து அங்கே தமிழர்கள் குடியேறினார்கள். பலர் வீட்டு வேலைக்கும் முதியவர்களைக் கவனிக்கும் வேலைக்கும் போனார்கள். ஊரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெகிரினோ மலையேறிப் போகிறவர்களில் தமிழர்களையும் பார்க்கலாம். கிறிஸ்தவர்களும் போகிறார்கள், இந்துக்களும் போகிறார்கள். அவர்களுக்கு மொழி வந்தது எஜமானியின் சமையலறையில், மருந்துக் கடையில், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில். அவர்களுக்கும் பள்ளி உண்டு. அரசு நடத்தும் வயதுவந்தோர் கல்வி மையங்கள். நீண்டகாலக் குடியிருப்பு அனுமதிக்கு இரண்டாம் படி தேற வேண்டும் என்று 2010 முதல் விதி. குடியுரிமைக்கு மூன்றாம் படி என்று 2018-இல் சட்டம் வந்தது. பளபளப்பான தாளில் சூரியகாந்தித் தோட்டத்தைப் போட்டு வரும் மொழிப்பள்ளி விளம்பரங்களில் இந்த மாணவர்களைப் பார்க்க முடியாது. சிசிலிக்காரர்களோடு சிசிலியனிலேயே சண்டை போடத் தெரிந்தவர்கள் அவர்களில் உண்டு. நான் எந்தப் படியில் தேறியும் அது எனக்கு வரவில்லை.

சரி, உங்கள் கேள்வி. ரோம், ஃப்ளாரன்ஸ் வேண்டாம். நீங்கள் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பரிமாறுபவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார், அவருக்கு அவசரம். பெரூஜா, சியெனா, தெற்கே லெச்சே போன்ற நடுத்தர ஊர்கள் நல்லது. மாணவர் விடுதியைவிட, வயதானவர் இருக்கும் வீடாகப் பார்த்து அறை எடுங்கள். பேரங்காடியில் காய்கறி வாங்காதீர்கள்: அங்கே பிளாஸ்டிக் கையுறை போட்டு, பழத்தை நீங்களே நிறுத்து, சீட்டை ஒட்டி, வாயே திறக்காமல் வெளியே வந்துவிடலாம். தெருமுனைப் பாலாடைக்கட்டிக் கடைக்குப் போங்கள். எண் சீட்டு எடுத்து நின்று, உங்கள் முறை வந்ததும், புதியதா முற்றியதா, எத்தனை 'எத்தோ' என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஓர் எத்தோ நூறு கிராம். பின்னால் நிற்பவர்களுக்கும் அவசரம் இருக்கும்; அது நல்ல பயிற்சி.

தொண்ணூறு நாளுக்கு மேல் தங்குவதென்றால் நீண்டகாலப் படிப்பு விசா வேண்டும். போய் இறங்கிய எட்டு வேலைநாளுக்குள் தபால் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஒட்டும் 16 யூரோ வரிவில்லை தபால் அலுவலகத்தில் கிடைக்காது, புகையிலைக் கடையில்தான். அட்டை கைக்கு வருமுன் படிப்பே முடிந்துவிடுவதும் உண்டு; ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். சான்றிதழுக்கு பெரூஜாவின் செலி, சியெனாவின் சில்ஸ், 1889-இல் தொடங்கிய தாந்தே அலிகியேரி சங்கத்தின் ப்ளிதா, எதுவானாலும் செல்லும்.

ஆகஸ்ட் மாதம் மட்டும் போகாதீர்கள். 15-ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ பண்டிகை. அதையொட்டிக் கடைகளை மூடிவிட்டு ஊரே கடற்கரைக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது சுற்றுலாப் பயணிகளும் மொழிப்பள்ளி மாணவர்களும்தான். நீங்கள் அக்டோபரில் கிளம்பப் பாருங்கள். சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம். இன்னும் நேரம் இருக்கிறது என்று தலைவர் சொல்கிறார்.